அண்டாவுக்கு அடியில் ஒரு குழாய்

முதல்லயே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன், அப்புறம் யாரும் சண்டைக்கு வரக்கூடாது. நான் இருக்கிறது சிங்கப்பூர்ல. இங்கே வீட்டிலேயே பீர் போடறதுக்கு 2004-லேர்ந்து அனுமதி உண்டு. பதினெட்டு வயசு ஆகியிருக்கணும், சொந்த வீட்டுல போடணும், ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது, விக்கக்கூடாது, வடிச்சு எடுக்கவே கூடாது. இங்கிலாந்தில் 1963-லயும், ஆஸ்திரேலியாவில் 1973-லயும் விட்டுட்டாங்க. அமெரிக்காவில் 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். நம்ம ஊர்ல கதையே வேற. மது மாநிலங்களோட பட்டியல்ல இருக்கு, தமிழ்நாட்டுல 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னமும் உயிரோட இருக்கு. லைசென்ஸ் இல்லாம அஞ்சு லிட்டர் போட்டாலும் குற்றம்தான். கள்ளுக்கே 1987 ஜனவரியிலேர்ந்து தடை. அதனால திண்டிவனத்துலயோ விழுப்புரத்துலயோ உட்கார்ந்து இதைப் படிக்கிறவங்க படிச்சு ரசிங்க, அண்டாவைத் தூக்காதீங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நான் ஒரு தடவைக்கு அஞ்சு லிட்டர்தான் போடுவேன். எச்.டி.பி. அடுப்படியில அதுக்கு மேல இடமும் கிடையாது, வீட்டுக்காரம்மாவோட பொறுமையும் கிடையாது. எட்டு லிட்டர் தண்ணியைச் சுடவெச்சு, ஒரு துணிப்பையில முளைகட்டிக் காயவெச்ச பார்லியை (மால்ட்) நொறுக்கி ஒரு கிலோ இருநூறு கிராம் போட்டு, 66 டிகிரியில ஒரு மணி நேரம் ஊற விடணும். பையைத் தூக்கிப் பிழிஞ்சு எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது தித்திப்பான கஷாயம். அதை ஹாப்ஸ் போட்டு இன்னொரு மணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டு, ஐஸ் தொட்டியில இறக்கி ஆறவெச்சு, பாட்டிலுக்கு மாத்தி ஈஸ்ட் தூவணும். இங்கே வீட்டுக்குள்ளயே முப்பது டிகிரி அடிக்கிறதால நார்வேக்காரங்களோட க்வைக் ஈஸ்ட்தான் தோது. அது சூட்டுலதான் சந்தோஷமா வேலை பார்க்கும்.

இதுல கஷ்டமான கட்டம் எதுன்னா, அந்தப் பாத்திரத்தைத் தூக்கிச் சாய்க்கிறது. ஆறு கிலோ திரவம், பாத்திரம் ரெண்டு கிலோ. சூடா இருக்கும்போது மேல பட்டா வெந்து போயிடும். ஆறின பிறகு சாய்ச்சாலோ அடியில படிஞ்சிருக்கிற மண்டி மொத்தமும் கலங்கி பாட்டிலுக்குள்ள போயிடும். ரப்பர் டியூப் வெச்சு உறிஞ்சி இழுக்கலாம், பெட்ரோல் திருடற மாதிரி. ஒவ்வொரு தடவையும் அந்த சர்க்கஸ் எனக்குப் பிடிக்கலை. அடியில ஒரு குழாய் இருந்தா எல்லாப் பிரச்சனையும் தீர்ந்தது.

"குழாய் வெச்ச எவர்சில்வர் டிரம் நம்ம ஊர்ல கல்யாண மண்டபத்துக்கு மண்டபம் இருக்கே, அதை வாங்கிக்க வேண்டியதுதானே?"ன்னு கேக்கறீங்க, புரியுது. டீக்கடை பாய்லரிலேர்ந்து மோர்ப்பந்தல் வரைக்கும் அடியில குழாய் வெச்ச பாத்திரம் நமக்கு ஒண்ணும் புதுசில்லை. ஆனா அந்த டிரம் பரிமாறத்தான், அடுப்புல ஏத்தி ஒரு மணி நேரம் கொதிக்க விடறதுக்கு இல்லை. குழாய் பித்தளையில குரோமியப் பூச்சு பூசினது. பித்தளையில கொஞ்சம் ஈயம் கலந்திருக்கும், இந்தக் கஷாயமோ லேசான புளிப்பு. வாஷர் சாதா ரப்பர். சூட்டுல இளகும், வாடையும் அடிக்கும். எல்லாத்துக்கும் மேல உள்துளை பென்சில் பருமன்தான். ஹாப்ஸ் துணுக்கு ரெண்டு வந்து உட்கார்ந்தா அடைச்சுக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது அரை இஞ்சு பால் வால்வு. (பசும்பால் இல்லை! உள்ளே நடுவுல ஓட்டை போட்ட உருண்டை ஒண்ணு இருக்கும். கைப்பிடியைக் கால் சுத்து திருப்பினா முழுசாத் திறக்கும். தமிழ்ல எழுதினா 'பால்' ஆயிடுது, என்ன செய்ய :-) ) அதுவும் மூணு துண்டாப் பிரியற வகை. அதையும் ஸ்டெப் டிரில் ஒண்ணையும் ஜாலான் பெசார் ஹார்ட்வேர் கடையில வாங்கினேன். சிலிகான் ஓ-ரிங், வாஷர், லாக் நட் எல்லாம் அங்கேயே கிடைச்சுது. ஆனா பாத்திரத்தை ஊர்ல வாங்கி ஊர்லயே துளை போடறதுன்னு முடிவு. இங்கே ஒரு துளைக்குக் கேட்ட கூலியில ஊர்ல ரெண்டு அண்டா வாங்கிடலாம்.

அப்படி நான் ஊருக்குப் போய் இறங்கினது 2024 ஜூன் கடைசி வாரம். டிக்கெட் மார்ச்லயே போட்டது.

அந்த மாசம் 18-ம் தேதி ராத்திரி கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல ஆரம்பிச்ச சாவு அப்பவும் நிக்கலை. அறுபதுக்கும் மேல போயிட்டாங்க. கள்ளக்குறிச்சி 2019 வரைக்கும் எங்க விழுப்புரம் மாவட்டத்துல இருந்த ஊர். அதுக்கு முந்தின வருஷம், 2023 மே மாசம், மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம். அது இன்னும் கிட்ட, திண்டிவனத்திலேர்ந்து முக்கால் மணி நேரம். அந்த வாரம் மரக்காணம் ரோட்டுல ராத்திரியெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னு அம்மா போன்ல சொன்னாங்க. செங்கல்பட்டுப் பக்கம் செத்தவங்களையும் சேர்த்து இருபதுக்கும் மேல.

இப்படிப்பட்ட நேரத்துல நான் ஒரு அண்டாவைத் தூக்கிக்கிட்டுப் போய் "இதுல ஒரு குழாய் வைக்கணும்"னு கேட்கப் போறேன்.

விழுப்புரம் தங்கச்சி வீட்டுக்குப் போனப்போ எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு பாத்திரக்கடையில நுழைஞ்சேன். எனக்கு வேண்டியது பன்னிரண்டு லிட்டர் சின்ன அண்டா. பக்கம் செங்குத்தா நிக்கணும், குண்டான் மாதிரி வயிறு தள்ளியிருந்தா வாஷர் உட்காராது. தகடு கனமா இருக்கணும். 304 வேணும்னு கேட்டேன். கடைக்காரர் காந்தத்தை எடுத்து ஒட்டிக் காமிச்சு "பாருங்க சார், ஒட்டலை"ன்னார். காந்தம் ஒட்டலைன்னா 304-னு அர்த்தம் இல்லீங்க. விலை மலிவான 202-லயும் ஒட்டாது. அதுல நிக்கல் கம்மி, மாங்கனீஸ் ஜாஸ்தி, உப்பும் புளியும் பட்டா சீக்கிரம் புள்ளி விழும். கம்பெனி முத்திரையில 304-னு குத்தியிருக்கிறதா பார்த்து எடுத்தேன். எடை போட்டார், கிட்டத்தட்ட ரெண்டு கிலோ.

"பேர் என்ன வெட்டணும்?"

இதை நான் மறந்தே போயிருந்தேன். நம்ம ஊர்ல பேர் வெட்டாம பாத்திரம் கடையை விட்டு வெளிய வராதே. வேணாம்னு சொல்றதுக்குள்ள தங்கச்சி அம்மா பேரைச் சொல்லிட்டா. டிர்ர்ர்னு மெஷின் ஓடி, விளிம்புக்குக் கீழே அம்மா பேரு, இன்ஷியலோட.

திண்டிவனம் பஸ்ல அண்டா என் மடியில. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் அந்த ரோடு போகுது. மரக்காணத்துக்காரங்களை 2023-ல கொண்டுவந்ததும் அங்கேதான், கள்ளக்குறிச்சியிலேர்ந்து கொஞ்சம் பேரை அனுப்பினதும் அங்கேதான். வாசல்ல டி.வி. வண்டிங்க நின்னுச்சு. பக்கத்து சீட்டு அம்மா "பாவம், எத்தனை தாலி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. நான் அண்டாவை இன்னும் கொஞ்சம் கிட்டத்துல இழுத்துக்கிட்டேன். விக்கிரவாண்டி இடைத்தேர்தல் ஜூலை 10-ம் தேதிங்கறதால பறக்கும் படைக்காரங்க வேற பஸ்ஸை நிறுத்தி எட்டிப் பார்த்தாங்க. அவங்க தேடினது பணம், அண்டா இல்லை.

வீட்டுல அம்மா அண்டாவைப் பார்த்ததும் சந்தோஷம். தன் பேரைத் தடவிப் பார்த்தாங்க. எதுக்குன்னு கேட்டப்போ மறைக்கலை, சொல்லிட்டேன். முகம் மாறிப் போச்சு. எங்க வீட்டுல சித்தப்பா ஒருத்தர் குடிச்சே அழிஞ்சவர். சாராயம், கள், பீர்ங்கற பாகுபாடெல்லாம் அம்மாவோட அகராதியில கிடையாது.

"பார்லியை முளைகட்டி, காயவெச்சு, ஒடைச்சு, சுடுதண்ணியில போடறதும்மா. நீ எங்களுக்குக் கேழ்வரகை முளைகட்டி மாவு அரைச்சுக் கஞ்சி காய்ச்சிக் குடுப்பியே, அதேதான்."

அது உண்மைதான், சமாதானத்துக்குச் சொன்னதில்லை. தானியம் முளைவிடும்போது அதுக்குள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கிற நொதி கிளம்பும். முளைகட்டின மாவுல கஞ்சி காய்ச்சினா கெட்டியாகாம நீர்க்கவே இருக்கும், தித்திக்கும். குழந்தைக்கு லேசா ஜீரணமாகும். அதனாலதான் அம்மாக்கள் எல்லாம் காலங்காலமா அதைச் செய்யறாங்க. பீர்க்காரன் செய்யறதும் அதுதான்.

"அப்ப கஞ்சின்னு சொல்லு."

"கஞ்சிதாம்மா. வடிகட்டி, அஞ்சாறு நாள் ஊறவெச்ச கஞ்சி."

"அதுக்குப் பேருதான்டா ஊறல்."

பதில் சொல்ல முடியலை. பேப்பர்ல 'ஐந்நூறு லிட்டர் சாராய ஊறல் அழிப்பு'ன்னு போடறாங்களே, அதுக்கும் என் பாட்டில்ல நுரைக்கிறதுக்கும் ஈஸ்ட்டைப் பொறுத்தவரைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அம்மா சொன்னது சரி.

ஆனா வரிசை வேற. ராத்திரி மாடியில படுத்துக்கிட்டு யோசிச்சப்போதான் எனக்கே இது தெளிவாச்சு. சாராயக்காரங்க ஊறப்போட்டு காய்ச்சறாங்க. நான் காய்ச்சி ஊறப்போடறேன். நமக்குப் பாலும் காய்ச்சறதுதான், வெல்லமும் காய்ச்சறதுதான், சாராயமும் காய்ச்சறதுதான், ஒரே வார்த்தை. சாராயத்துல நுரைச்சு முடிஞ்சதைச் சூடு பண்ணி, மேல கிளம்பற ஆவியைக் குழாயில பிடிச்சுக் குளிரவெச்சு சொட்டுச்சொட்டா எடுக்கணும். எனக்கு நுரைக்கிறதுக்கு முன்னாடியே அடுப்பு வேலை முடிஞ்சு போயிடும். பாத்திரத்துல கொதிக்கும்போது அதுல ஒரு சொட்டு போதை கிடையாது.

இன்னொண்ணும் இருக்கு. மரக்காணத்துலயும் கள்ளக்குறிச்சியிலயும் ஆளைக் கொன்னது யாரோ அண்டாவுல காய்ச்சின சரக்கே இல்லை. அது மெத்தனால். பெயிண்ட், பிசின், மருந்துக் கம்பெனிகளுக்குப் போற தொழிற்சாலைச் சரக்கு. கேன்ல வந்தது, தண்ணி கலந்து பாக்கெட் கட்டினது. பார்க்கவும் மோந்து பார்க்கவும் சாராயம் மாதிரியே இருக்கும். உடம்புக்குள்ள போய் ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண்ணைப் பிடிக்கும். தானியத்தை ஊறவெச்சு பீர் போடறதுல மெத்தனால் ஆளைக் கொல்ற அளவுக்கு வராது. ஆனா இதையெல்லாம் அம்மாகிட்ட சொல்லலை. அறுபது பொணம் விழுந்த வாரத்துல வேதியியல் பாடம் நடத்தற தைரியம் எனக்கு இல்லை. அவங்க பயம் அண்டா மேல. அது தப்பான இடத்துல இருக்கிற பயம்தான். ஆனா எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியுமே.

மறுநாள் செஞ்சி ரோட்டுல முதல்ல போன பட்டறையில அண்டாவைப் பார்த்தாங்க, வால்வைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "வேற எடத்துல பாருங்க சார்." அவ்வளவுதான். அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். அதே வாரம் 29-ம் தேதி சட்டசபையில மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவு விழுந்தா ஆயுள் தண்டனை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம்னு கொண்டுவந்தாங்க. எந்தப் பட்டறைக்காரரும் யோசிக்கத்தான் செய்வார்.

ரெண்டாவது பட்டறையில இருந்த அண்ணனுக்கு அறுபது வயசிருக்கும். வாயில வெத்தலை. "காய்ச்சறதுக்கா?"ன்னார். ஆமாம்னேன். எங்கே, எந்த நாட்டுல, என்ன சட்டம்னு நான் மூச்சு விடாம ஒப்பிச்சதை அவர் காதுல போட்டுக்கிட்டதாவே தெரியலை. மூடியை எடுத்து வெளிச்சத்துல புரட்டிப் பார்த்தார். ஓட்டை இல்லை. அப்புறம் கேட்டார்: "தம்பி, கொழாய் மேல போவுதா, கீழ வருதா?"

"கீழதான்ணே."

"மேல போனாத்தான் வம்பு. கொண்டா."

எங்க வீட்டுல நான் அரைமணி நேரம் பேசியும் முடியாததை மனுஷர் ஒரு கேள்வியில முடிச்சுட்டார்.

ஆர்கான் வெல்டிங்ல சாக்கெட்டையே பத்தவெச்சுத் தரட்டுமான்னு கேட்டார். நல்ல யோசனைதான், கசியவே கசியாது. ஆனா பத்தவெச்ச இடம் சுத்தி நீலமும் ஊதாவும் பாயும். அதை உள்பக்கம் ஒழுங்கா தேய்ச்சு எடுக்கலைன்னா அங்கேதான் முதல்ல துரு வரும். தகடும் மெல்லிசு, நெளிஞ்சா சரிபண்ண முடியாது. அதனால வெல்டிங் இல்லாம நட்டு போட்டு இறுக்கற முறைதான்.

துளையோட மையம் அடியிலேர்ந்து ஒண்ணேகால் இஞ்சு மேலே. இன்னும் இறக்கினா அடி வளைவுல வாஷர் ஏறி நிக்கும். அரை இஞ்சு மரையோட வெளி விட்டம் 21 மி.மீ.க்கு ஒரு நூல் கம்மி, அதனால துளை 21-லேர்ந்து 22-க்குள்ள. பஞ்ச்சால ஒரு குத்து, 3 மி.மீ. டிரில்ல வழித்துளை, பிறகு ஸ்டெப் டிரில். உள்ளே மரக்கட்டை முட்டு. எவர்சில்வர்ல வேகமா ஓட்டினா தகடு சூடாகி அந்த இடமே இன்னும் கெட்டியாயிடும், அப்புறம் டிரில்லுதான் மழுங்கும். அண்ணனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கலை. மெதுவா, அழுத்தமா, எண்ணெய் விட்டு விட்டு. சுருள் சுருளா வந்துச்சு. ஓரத்தைச் சின்ன அரத்தால உள்ளேயும் வெளியேயும் நீவிவிட்டு, விரலை விட்டுச் சுத்திப் பார்த்தார். பிசிறு இருந்தா ஓ-ரிங்கைக் கிழிச்சுடும்.

பன்னிரண்டு லிட்டர் அண்டாவுக்கு வளைவு ஜாஸ்தி, தட்டை வாஷர் முழுசா ஒட்டாது. அதுக்குத்தான் கொஞ்சம் தடியான சிலிகான் ஓ-ரிங். பாத்திரத்துக்கு வெளிப்பக்கம் அதை வெச்சு, உள்ளே நட்டு போட்டு, டெஃப்லான் டேப் ஆறு சுத்து சுத்தி, கையால இறுக்கி அப்புறம் ஸ்பேனர்ல கால் சுத்து. ரொம்ப இறுக்கினா ஓ-ரிங் பிதுங்கி வெளிய வந்துடும். தண்ணி ஊத்தி அரைமணி வெச்சோம். சொட்டலை. கூலி கேட்டதுக்கு "டீ வாங்கிக் குடு"ன்னார். வாங்கிக் கொடுத்து, மறுக்க மறுக்க பணமும் சட்டைப்பையில வெச்சுட்டு வந்தேன்.

டீ சொன்னதும் ஞாபகம் வருது. டம்ளர்ல டீயைக் கலக்கி விட்டுப் பாருங்க, அடியில தூள் ஓரத்துக்குப் போகாது, நடுவுல வந்து குவியும். ஏன்னு ஐன்ஸ்டீன் 1926-ல ஒரு கட்டுரையே எழுதியிருக்கார். அடியில தரையோட உரசற தண்ணி வேகம் குறைஞ்சு நடுப்பக்கமா ஓடும், தூளையும் இழுத்துக்கிட்டுப் போகும். கொதி அடங்கினதும் கரண்டியால ஒரே திசையில நல்லா சுத்திவிட்டு, மூடி போட்டு இருபது நிமிஷம் விட்டா மண்டி மொத்தமும் நடுவுல ஒரு சின்ன மேடா உட்காரும். அதனால வால்வோட உள்பக்கம் ஒரு வளைஞ்ச குழாயை மாட்டி, வாய் அண்டாவோட ஓரத்துல அடியைப் பார்த்து இருக்கிற மாதிரி திருப்பிவிடணும். நடுவைப் பார்க்கத் திருப்பிடாதீங்க, மேட்டையே உறிஞ்சும்.

ஊருக்குத் திரும்பற அன்னிக்கு அம்மாதான் அண்டாவைப் பழைய புடவையில சுத்திப் பெட்டியில வெச்சாங்க. உள்ளே முறுக்கு டப்பா, புளி, கருவடாம். அதைப் பத்தி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசலை. கடைசியா, "யாருக்கும் குடுக்காத"ன்னு மட்டும் சொன்னாங்க. அண்டாவைச் சொன்னாங்களா, அதுல போடறதைச் சொன்னாங்களான்னு நான் கேக்கலை.

ஜூலையில முதல் தடவை போட்டேன். முதல்ல வெறும் தண்ணி கால் மணி நேரம் கொதிக்கவெச்சு ஊத்திட்டு, சூட்டுல ஓ-ரிங் இடம் கொடுத்திருந்ததால நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அப்புறம் சரக்கு. ஆறினதும் வால்வைத் திறந்தா முதல் அரை டம்ளர் கலங்கலா வந்துச்சு, தனியாப் பிடிச்சுட்டேன். அதுக்கப்புறம் கண்ணாடி மாதிரி. அண்டாவைத் தூக்கவே இல்லை. கடைசியில அடியில அரை லிட்டர் மண்டி மேடு கட்டி அப்படியே நின்னுச்சு.

கழுவறதுலதான் சோம்பேறித்தனம் கூடாது. வால்வை வெளியிலிருந்து கழுவினா சுத்தமான மாதிரிதான் தெரியும். நாலு போல்ட்டைக் கழட்டி மூணு துண்டாப் பிரிச்சுப் பார்த்தேன். உருண்டைக்கும் வெள்ளை சீலுக்கும் நடுவுல பச்சையா ஒரு ஹாப்ஸ் துணுக்கு, பக்கத்துல கொஞ்சம் பிசுபிசுப்பு. ரெண்டு வாரம் விட்டிருந்தா அங்கேயே புளிச்சு, அடுத்த அஞ்சு லிட்டரையும் கெடுத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் பிரிக்கணும், பழைய டூத்பிரஷ்ல தேய்க்கணும், வெந்நீர்ல பத்து நிமிஷம் கொதிக்கவெச்சுக் காயவெச்சுத்தான் மறுபடி மாட்டணும். சீல் வாங்கும்போதே ரெண்டு செட்டா வாங்கி வெச்சுக்கங்க, அது தேயும்.